ரன்னுக்கு 645 அர்த்தமாம், இத எப்படி ஞாபகம் வெச்சிக்கறது?

தம்பி, உங்க கேள்விய முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், மத்தவங்க படிச்சாலும் புரியணும்ல. சென்னை ஓஎம்ஆர்ல ஒரு ஐடி கம்பெனில புதுசா சேந்திருக்கீங்க, படிச்சது தமிழ் மீடியம். மேனேஜர் மெயில்ல "ரன் இட் பை மீ பிஃபோர் யூ ரன் இட்"னு போட்டிருக்காரு, அதே மெயில்ல "வீ ஆர் ரன்னிங் லேட்", "வீ ரேன் இன்டூ அன் இஷ்யூ"னும் இருக்கு. டிக்ஷனரிய தொறந்தா ரன்னுக்கு பக்கம் பக்கமா அர்த்தம், இதெல்லாம் எப்படி மனப்பாடம் பண்றதுன்னு கேட்டிருக்கீங்க.

மனப்பாடம் பண்ணவே பண்ணாதீங்க. முடியாது, தேவையும் இல்ல. நான் சாயங்காலம் ஸ்போகன் இங்கிலீஷ் கிளாஸ் எடுக்கறவன், உங்கள மாதிரி நிறைய பேர் இதே இடத்துல வந்து முட்டி நிக்கறத பாத்திருக்கேன், அவங்க எல்லாருக்கும் நான் சொல்றது ஒண்ணுதான், ரன்ல பாதிக்கு மேல உங்களுக்கு ஏற்கனவே தெரியும், தமிழ்ல "ஓடு"ன்னு ஒரு வார்த்தைய காலைல எழுந்ததுல இருந்து எத்தன விதமா சொல்றோம்னு கவனிச்சாலே போதும்.

அதுக்கு முன்னாடி, இந்த வார்த்தையோட சைஸ் என்னன்னு சொல்லிடறேன், ஏன்னா அது நிஜமாவே பெருசு, நீங்க மலைச்சுப் போனதுல தப்பே இல்ல. ஆக்ஸ்ஃபோர்டு இங்கிலீஷ் டிக்ஷனரி 1989ல ரெண்டாவது பதிப்பா 20 வால்யூம் வந்தப்போ அதுல ரொம்ப நீளமான என்ட்ரி "செட்"டுக்குதான். அப்புறம் மூணாவது பதிப்புக்காக ஒவ்வொரு வார்த்தையா திருத்திட்டு வந்தப்போ ரன் அத தாண்டிடுச்சு. பீட்டர் கில்லிவர்னு அங்க வேலை பாக்கற அகராதி ஆசிரியர் இந்த ஒரு வார்த்தைக்கே சுமார் 9 மாசம் உக்காந்திருக்காரு, வினைச்சொல்லா மட்டும் 645 அர்த்தம் தேறுச்சுன்னு 2011ல செய்தி வந்துச்சு. பெயர்ச்சொல்லா வர்ற ரன் இதுல சேத்தியே இல்ல. இவ்ளோ பெருகுனதுக்கு பெரிய காரணம் மெஷின். நீராவி இன்ஜின் வந்துச்சு, மில்லு வந்துச்சு, ரயில் வந்துச்சு, கடைசியா கம்ப்யூட்டர் வந்துச்சு, இது எல்லாமே இங்கிலீஷ்ல "ரன்" ஆகுற பொருள்தான்.

இப்ப நம்ம ஓடுக்கு வாங்க. பஸ் ஓடுது. ஃபேன் ஓடுது. டிவி ஓடுது. படம் 100 நாள் ஓடுச்சு. கடை நல்லா ஓடுது. ஏதோ பொழப்பு ஓடுது. கடிகாரம் ஓடல. அடையாறுல தண்ணி ஓடுது. ரத்தத்துல ஓடுது. அந்த யோசனையே மண்டைல ஓடிட்டிருக்கு. பொண்ணு வீட்ட விட்டு ஓடிப்போயிடுச்சு. இதுல பெரும்பாலானதுக்கு இங்கிலீஷ்ல ரன் போடலாம், அவ்வளவா இடிக்காது. படம் ஓடுறதுக்கும் ரன்தான், மண்டைல ஓடுறதுக்கு "ரன்னிங் த்ரூ மை மைண்ட்", வீட்ட விட்டு ஓடுறதுக்கு "ரன் அவே", ரத்தத்துல ஓடுறதுக்கு "ரன்ஸ் இன் த ப்ளட்". காலே இல்லாத ஃபேன் ஓடுதுன்னு சொல்றப்போ நமக்கு அது வினோதமா தோணுதா? தோணல. ரெண்டு பாஷையும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத குடும்பம், ஆனா ஓட்டத்த பாத்த கண்ணு ஒரே மாதிரி பாத்திருக்கு, எனக்கு இது இன்னிக்கும் பெரிய சந்தோஷம் தர்ற விஷயம்.

அப்ப எங்கதான் இடிக்குது? முக்கியமான இடம் இதுதான், கொஞ்சம் நிதானமா படிங்க. தமிழ்ல தானா நடந்தா "ஓடு", ஒருத்தர் நடத்துனா "ஓட்டு". கடை ஓடுது, அவர் கடைய ஓட்டறாரு. குடும்பம் ஓடுது, அம்மா குடும்பத்த ஓட்டறாங்க. ரெண்டுக்கும் நம்மகிட்ட தனித்தனி வார்த்தை இருக்கு. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே ரன்தான். "த ஷாப் ரன்ஸ் வெல்"லும் ரன், "ஷீ ரன்ஸ் அ ஷாப்"பும் ரன். அதனாலதான் "ஹீ ரன்ஸ் அ ஹோட்டல்"னு படிச்சதும் அவர் எங்க ஓடுறாருன்னு ஒரு செகண்டு குழம்பறோம். ரன்னுக்கு அப்புறம் நேரா ஒரு பொருள் வந்தா அத ஓட்டுன்னு படிங்க, வரலன்னா ஓடுன்னு படிங்க, பெரும்பாலான இடத்துல மேட்டர் முடிஞ்சுது.

இன்னொண்ணு தெரியுமா, பழைய இங்கிலீஷ்ல அவங்களுக்கும் நம்ம மாதிரி ரெண்டு தனி வார்த்தை இருந்துச்சு. தானா ஓடுறதுக்கு "ரின்னன்"னு ஒண்ணு, ஓட்டறதுக்கு "ஆர்னன்"னு ஒண்ணு. காலப்போக்குல உச்சரிப்பு கலந்து ரெண்டும் ஒண்ணா போயிடுச்சு, வைக்கிங்குங்க கொண்டு வந்த பழைய நார்ஸ் வார்த்தையும் அதுல கலந்துச்சு. ஜெர்மன்ல இன்னும் "ரின்னென்"னா சொட்டு சொட்டா ஓடுறது, "ரென்னென்"னா காலால ஓடுறது, தனித்தனியாவே இருக்கு. ஆக ரன் ஒரே வார்த்தை மாதிரி தெரிஞ்சாலும் உள்ள ரெண்டு மூணு வார்த்தை உக்காந்திருக்கு.

நம்ம ஆளுங்க இந்த ரன்ன கடன் வாங்கி என்ன பண்ணாங்கன்னு உங்க ஆபீஸ்லயே பாருங்க. "கோட் ரன் ஆகுது"ன்னு சொல்றோம், "கோட ரன் பண்ணு"ன்னு சொல்றோம். ஆகு, பண்ணுன்னு ரெண்டு வால ஒட்டி, இங்கிலீஷ்காரங்க தொலைச்ச அந்த வித்தியாசத்த நாம திரும்ப போட்டுக்கிட்டோம். யாரும் சொல்லிக் கொடுக்கல, தானா வந்துச்சு. கிளாஸ்ல குழப்பம் வந்தா நான் இதத்தான் செய்யச் சொல்லுவேன், வாக்கியத்துல ரன் வந்தா அது ரன் ஆகுதா ரன் பண்றாங்களான்னு மனசுக்குள்ள ஒரு தடவ சொல்லிப் பாருங்க.

இப்ப உங்க மேனேஜர் லைன எடுத்துக்கலாம். "ரன் இட் பை மீ பிஃபோர் யூ ரன் இட்". ரெண்டாவது ரன் ஈஸி, ரன் பண்றது, ஸ்கிரிப்ட்ட, அதாவது சின்ன ப்ரோக்ராம ஓட்டறது. முதல் ரன் அது இல்ல, "ரன் பை"ங்கறது சேந்த மாதிரி ஒரு பிரயோகம், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு, ஒருவாட்டி காட்டிட்டு செய்யுங்கன்னு அர்த்தம். நடுவுல இருக்கற "பை"ய மட்டும் பிடிச்சுக்கோங்க, அத அவர் பக்கமா ஒரு தடவ ஓட்டிக் காட்டணும், அவர் பாக்கணும். தொனி சாதாரணமா இருந்தாலும் இது அனுமதி கேக்கச் சொல்றதுதான், அவர் சரின்னு சொல்றதுக்கு முன்னாடி ப்ரொடக்ஷன்ல, அதாவது கஸ்டமர் பயன்படுத்தற நிஜ சிஸ்டத்துல கை வெச்சுடாதீங்க. "ரன் மீ த்ரூ இட்"னு வந்தா அது வேற, முதல்ல இருந்து கடைசி வரைக்கும் எனக்கு விளக்கிச் சொல்லுன்னு அர்த்தம். "ரன் வித் இட்"னா உன் ஐடியா நல்லாருக்கு, நீயே எடுத்துட்டுப் போன்னு அர்த்தம், அது வந்தா சந்தோஷப்படுங்க. "ட்ரை ரன்"னா நிஜமா எதையும் மாத்தாம சும்மா ஓட்டிப் பாக்கறது. மெட்ரோ 2015 ஜூன்ல கோயம்பேடு ஆலந்தூர் நடுவுல ஓட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பேப்பர்ல ட்ரையல் ரன், ட்ரையல் ரன்னு வந்துட்டே இருக்கும்ல, ஆள ஏத்தாம காலி ரயில ஓட்டுனாங்க, கிட்டத்தட்ட அதே விஷயம்தான்.

அப்புறம் "ரன் இன்டூ". இது மூணு வேலை செய்யும். வண்டி போய் செவுத்துல மோதுனா ரன் இன்டூ. பாண்டி பஜார்ல பழைய ஃப்ரெண்ட எதேச்சையா பாத்தா அதுவும் ரன் இன்டூ. வேலைல சிக்கல் வந்தா அதுவும் அதேதான், உங்க மெயில்ல இருந்தது அது. மூணுலயும் பொதுவா இருக்கறது எதிர்பாக்காம எதுத்தாப்புல வர்றது. செலவு லட்சக்கணக்குல போகுதுன்னு சொல்றப்போ "ரன்ஸ் இன்டூ லாக்ஸ்"னு வரும், அது இந்த மூணுல சேராது, இங்கிலீஷ் பேப்பர்ல அடிக்கடி கண்ல படும்.

"ரன் அவுட்" ரொம்ப முக்கியம், ஏன்னா நம்ம ஊர்க்காரங்களுக்கு ரன் அவுட்டுன்னா ஸ்டம்ப் தெறிக்கறதுதான் முதல்ல ஞாபகம் வரும். ஆனா அன்றாட இங்கிலீஷ்ல அது தீந்து போறது. 2019 ஜூன்ல பூண்டி, சோழவரம், ரெட்ஹில்ஸ், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் கிட்டத்தட்ட வறண்டு, லாரி தண்ணிக்கு ராத்திரி குடத்தோட நின்னோமே, அப்போ இங்கிலீஷ் நியூஸ்ல சென்னை "ரன்னிங் அவுட் ஆஃப் வாட்டர்"னுதான் ஓடுச்சு. ஏரி வத்துனதுக்கு "ரன் ட்ரை". தீரப்போகுது ஆனா இன்னும் தீரலன்னா "ரன்னிங் லோ". கவனிச்சீங்களா, தண்ணி ஓடுனாலும் ரன், ஓட தண்ணியே இல்லன்னாலும் ரன். ஓடி ஓடி முடிஞ்சு போச்சுன்னு வெச்சிக்கோங்க, பொருந்திடும்.

கிரிக்கெட்ட எடுத்தாச்சு, கொஞ்சம் நின்னு பேசிட்டுப் போவோம், சென்னைல இருந்துட்டு சேப்பாக்கத்த விட்டுட்டு ரன்ன பத்தி எழுத எனக்கு மனசு வராது. கிரிக்கெட்ல ரன்னுங்கறது முதல்ல நிஜமா ஓடுனதுக்கு வெச்ச பேரு, இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் ஓடுனா ஒண்ணு. அப்புறம் பந்து கோட்டத் தொட்டா ஓடாமலே நாலுன்னு ஆச்சு, ஓட்டம் போய் கணக்கு நின்னுடுச்சு. இதுக்கு நான் எப்பவும் சொல்ற உதாரணம் 1997 மே 21, சேப்பாக்கத்துல பாகிஸ்தானோட சயீத் அன்வர் அடிச்ச 194. வெயில்லயும் தசைப்பிடிப்புலயும் அவரால ஓட முடியல, ரன்னரா அஃப்ரிடி வந்து நின்னாரு. 22 ஃபோர், 5 சிக்ஸ், அதுலயே 118 வந்துடுச்சு. மிச்சம் இருந்ததுல பெரும்பகுதி அஃப்ரிடி காலு ஓடுனது, ஆனா ஸ்கோர்போர்டுல எல்லாமே அன்வர் பேர்ல. ஓடாதவர் கணக்குல ரன், ஓடுனவர் கணக்குல ஒண்ணும் இல்ல. ஆண்கள் ஒருநாள் போட்டில அந்த 194 தான் ரொம்ப வருஷத்துக்கு பெரிய ஸ்கோரா இருந்துச்சு, 2010 பிப்ரவரில சச்சின் 200 அடிக்கற வரைக்கும் யாரும் தாண்டல. 2011ல இருந்து சர்வதேச போட்டில ரன்னர் வெச்சுக்கவே கூடாதுன்னு ஐசிசி சொல்லிடுச்சு. இன்னொண்ணு 1986 டை ஆன டெஸ்ட், ஆஸ்திரேலியாவோட டீன் ஜோன்ஸ் 210 அடிச்ச மேட்ச், இந்தியாவுக்கு 348 வேணும், 347ல ஆல் அவுட். ஒரே ஒரு ரன்னுக்கு அவ்ளோ கனம் இருந்த நாள் அது. இலங்கைத் தமிழர்கள் இத இன்னும் "ஓட்டங்கள்"னுதான் சொல்லுவாங்க, எழுதுவாங்க, கேக்க ரொம்ப அழகா இருக்கும், இங்க ரன்னே தமிழாயிடுச்சு.

இதே மாதிரி இன்னொண்ணு "ரன் ரேட்"டு. கிரிக்கெட்ல ஓவருக்கு எத்தன ரன்னுங்கறது, உங்க கம்பெனி மீட்டிங்ல வந்தா இந்த மாசம் வந்த வருமானம் இதே வேகத்துல போனா வருஷத்துக்கு எவ்ளோங்கற கணக்கு. "ரன் அப்"பும் அப்படிதான், பௌலர் ஓடி வர்றதும் ரன் அப், எலெக்ஷனுக்கு முன்னாடி வர்ற வாரங்களும் ரன் அப். ஆனா "ரன் அப் அ பில்"னா கடன் ஏத்தி வெக்கறது, அதையும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

எலெக்ஷன்னு வந்ததும் ஒரு நல்ல வேடிக்கை. நம்ம ஊர்ல வேட்பாளர் தேர்தல்ல நிக்கறாரு. இங்கிலாந்துலயும் நிக்கறதுதான், "ஸ்டேண்ட்". அமெரிக்கால ஓடுறாரு, "ரன் ஃபார் பிரசிடென்ட்". 2020ல பைடன் கமலா ஹாரிஸ "ரன்னிங் மேட்"டா, அதாவது துணை அதிபர் வேட்பாளரா எடுத்தாருன்னு செய்தி வந்தப்போ, அவங்க அம்மா நம்ம ஊர்க்காரங்கங்கறதால இங்க எல்லாரும் படிச்சாங்க, கிளாஸ்ல நிறைய பேர் அது என்ன சார் ரன்னிங் மேட்டுன்னு கேட்டாங்க. அது குதிரைப் பந்தயத்துல இருந்து வந்த வார்த்தை, ஒரே லாயத்துல இருந்து இன்னொரு குதிரைக்கு வேகம் பிடிச்சுக் கொடுக்க கூட ஓடுற குதிரை.

இப்ப தமிழ் ஓடு ஒத்து வராத இடத்துக்கு வரேன், உங்களுக்கு தப்பு வர்ற இடம் இதுதான். இங்கிலீஷ்ல ரோடு ரன் ஆகும், நமக்கு ரோடு போகும். பக்கிங்ஹாம் கால்வாய் கடலோரமா போகுதுங்கறோம், அவங்களுக்கு அது "ரன்ஸ் அலாங் த கோஸ்ட்". மூக்கு அவங்களுக்கு ஓடும், நமக்கு ஒழுகும். நாம இங்க எல்லாரும் "ரன்னிங் நோஸ்"னு சொல்றோம், டாக்டர்களே சொல்றாங்க, ஆனா வெளிநாட்டு கிளையன்ட் கிட்ட பேசறப்போ "ரன்னி நோஸ்"னு சொல்லுங்க, அதுதான் அவங்க காதுக்குப் பழக்கம். காய்ச்சல் நமக்கு அடிக்கும், அவங்க "ரன் அ டெம்பரேச்சர்"ம்பாங்க. சாயம் நமக்கு போகும், பக்கத்து துணில ஏறும், அவங்களுக்கு "கலர் ரன்ஸ்". வயித்தால போறதுக்கு "த ரன்ஸ்"னே ஒரு பேச்சு வழக்கு இருக்கு, மெயில்ல எழுதாதீங்க. சுகர் பரம்பரையா வருதுன்னா "இட் ரன்ஸ் இன் த ஃபேமிலி". புக் ஃபேர் இந்த தேதில இருந்து அந்த தேதி வரைக்கும் நடக்குதுன்னாலும் அவங்களுக்கு ரன். சிக்னல் ஜம்ப் பண்றத அமெரிக்கால "ரன் அ ரெட் லைட்"னு சொல்லுவாங்க. ஆக நம்ம ஓடு, ஓட்டு, போ, நட, ஒழுகு, தீர், நில் இத்தனையும் சேந்து செய்ற வேலைய அங்க ஒரே வார்த்தை செய்யுது, பாவம் அதுக்கு 645 அர்த்தம் வராம என்ன பண்ணும்.

"பேங்க் ரன்"னும் உங்க வேலைல வரும், ஃபின்டெக், அதாவது பேங்க், பணம் சம்பந்தமான டெக்னாலஜி ப்ராஜெக்ட்னு சொன்னீங்களே. பேங்க் முங்கப் போகுதுன்னு பயந்து எல்லாரும் ஒரே நேரத்துல ஓடி வந்து பணத்த எடுக்கறது. 2023 மார்ச்ல சிலிக்கான் வேலி பேங்க்ல ஒரே நாள்ல 4200 கோடி டாலர் எடுக்கப் பாத்தாங்க, மறுநாளே பேங்க மூடிட்டாங்க, இதுல பெரும்பாலானவங்க காலால ஓடக்கூட இல்ல, ஆன்லைன்லயே முடிச்சுட்டாங்க. நம்ம மெட்ராஸ்ல 1906ல ஆர்பத்நாட் கம்பெனி படுத்து பணம் போட்ட ஜனங்க கையும் ஓடாம காலும் ஓடாம நின்னாங்க, அடுத்த வருஷம் இந்தியன் பேங்க் வந்தது அந்த அடில இருந்துதான், அது தனியா எழுத வேண்டிய கதை.

"ரன் ஆஃப் த மில்"னு கேள்விப்பட்டிருப்பீங்க, சாதாரணமான, விசேஷமா ஒண்ணும் இல்லாதன்னு அர்த்தம். மில்லுல இருந்து தரம் பிரிக்காம அப்படியே வர்ற சரக்குக்கு சொன்னது. பெரம்பூர்ல பின்னி மில் ஓடுன காலத்துல சங்கு சத்தம் கேட்டு வளந்த குடும்பங்களுக்கு இத விளக்கவே வேணாம்.

நம்ம ஊர்லயே பொறந்த ரன்னிங் சிலது இருக்கு, அத மட்டும் கொஞ்சம் பாத்துப் பேசுங்க, வெளிநாட்டுக்காரருக்கு புரியாது. தி.நகர் புடவைக் கடைல "ரன்னிங் ப்ளவுஸா, கான்ட்ராஸ்ட்டா"ன்னு கேப்பாங்க, புடவையோடயே தொடர்ச்சியா அதே துணில வர்ற ப்ளவுஸ் பிட்டு. மீட்டர் கணக்குல வெட்டித் தர்றது ரன்னிங் மெட்டீரியல். கார்பென்டர் "ரன்னிங் ஃபீட்"டுக்கு இவ்ளோன்னு ரேட் சொல்லுவாரு, நீளத்த மட்டும் அளக்கறது, அகலம் கணக்குல வராது, சதுர அடின்னு நெனச்சு தலையாட்டிடாதீங்க. கண்டக்டர் "ரன்னிங்ல ஏறாத"ன்னு கத்துவாரு. செகண்ட் ஹேண்ட் பைக் விக்கறவர் "ரன்னிங் கண்டிஷன்"னு போடுவாரு. ரயில்வேல டிரைவர், கார்டு எல்லாம் ரன்னிங் ஸ்டாஃப், அவங்க தூங்கற இடம் ரன்னிங் ரூம், இது ரயில்வேக்குள்ள ஆபீஸ் வார்த்தையே. எல்லாத்துலயும் அடில இருக்கறது ரெண்டே விஷயம்தான், ஓடிட்டே இருக்கறது இல்லன்னா விடாம தொடர்றது.

கடைசியா கிராமர், சின்னதுதான் ஆனா இன்டர்வியூல மானத்த வாங்கும். ரன், ரேன், ரன். நேத்து ஓட்டுனேன்னா "ஐ ரேன் த ஸ்கிரிப்ட்". ஹேவ், ஹேஸ், ஹேட் வந்துட்டா திரும்ப ரன்தான், "ஐ ஹேவ் ரன் த ஸ்கிரிப்ட்". "ஐ ஹேவ் ரேன்"னு எழுதவே கூடாது, எத்தனையோ சீனியர்ங்களே எழுதறாங்க, நீங்க எழுதாதீங்க. "வாஸ்", "வேர்" வந்தாலும் ரன்தான், "த டெஸ்ட் வாஸ் ரன் எஸ்டர்டே". உங்க மேனேஜருக்கு பதில் போடறதுன்னா "ஐ ஹேவ் டன் அ ட்ரை ரன், கேன் ஐ ரன் த ரிசல்ட்ஸ் பை யூ டுடே?"ன்னு போடுங்க, ரெண்டு ரன்னும் அதோட இடத்துல உக்காந்திருக்கு. இன்னும் ஏதாவது வாக்கியம் இடிச்சா முழு வாக்கியமா அனுப்புங்க, ரன்ன மட்டும் பிச்சு அனுப்புனா யாராலயும் அர்த்தம் சொல்ல முடியாது.